சாம்பல் வீட்டின் திறப்பு

கண்டிச் சீமை முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், சுவரே இல்லாத வீட்டைத் தினமும் பூட்டித் திறப்பை, அதுதான் சாவியை, பத்திரமாக ஒப்படைத்த மனுஷி ஒருத்தர்தான் அகப்படுவார். அவர் எங்கள் காட்டு டீச்சர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்றும் அவருக்கு இருந்தது. அது அவருடைய அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. தோட்டத்தில் ஒருவரும் அதை எடுத்துப் புழங்கவில்லை.

தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம் அது. நான் அங்கே பிறந்தவள் அல்ல, கண்டி டவுனில் மஹய்யாவையில் வளர்ந்தவள். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தின்போது எங்கள் வீட்டுக் கதவை இரும்புக் கம்பியால் அடித்தார்கள். பலாப்பலகைக் கதவு, என் மாமனார் பார்த்துப் பார்த்துச் செய்வித்தது. மூன்று அடி தாங்கியது. நாங்கள் பின்பக்கத்தால் ஓடிவிட்டோம். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போக மனம் வராமல், நானும் வீட்டுக்காரரும் அவருடைய அக்கா இருந்த இந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம்.

எனக்குக் கொழுந்து எடுக்கும் வேலைதான் முதலில் கொடுத்தார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் எல்லாரையும் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அத்தனை பேர் முன்னால் எனக்குச் சத்தம் வராது. முதல் கிழமை முழுக்க நான் களத்தில் நின்றுகொண்டே வேலைக்கு வராதவள் ஆனேன். கடைசியில் பெயர் கூப்பிடும் கணக்கப்பிள்ளைக்குச் சலித்துவிட்டது. "பேச மாட்டேங்கிற பொம்பளைய, பேசத் தெரியாததுங்களோட விடுங்கப்பா" என்று என்னைப் புள்ளக்காம்பராவுக்கு அனுப்பிவிட்டார்.

கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் இடம்தான் புள்ளக்காம்பரா. தகரக் கூரை, ஒற்றைச் சன்னல், நீளமான ஒரு அறை. கைக்குழந்தைகள் தொட்டிலில் கிடக்கும்; அவற்றை ஒரு கிழவி ஆட்டிக்கொண்டிருப்பாள். மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் சுவரோரம் உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் கடிப்பார்கள். அதுதான் பாலர் கல்வி.

அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க ஏதோ ஒரு சங்கம் ஒரு டீச்சரை அனுப்பியது. யாழ்ப்பாணத்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். மெலிந்த உடம்பு, பருத்திச் சேலை. சேலைக்குக் கீழே முழங்கால்வரை கறுப்பு றப்பர் சப்பாத்து. பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகப் புள்ளக்காம்பராவுக்கு வந்தார். வாசலில் நின்று மூக்கால் இரண்டு தரம் இழுத்தார்.

"இது பிள்ளையள் இருக்கிற இடமோ, இல்லாட்டி தேயிலை வாட்டுற இடமோ?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உம்மட பேர் என்ன?"

"கமலம்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"நல்ல பேர். வாரும், வெளியில போவம்."

அன்று வெளியே போனவர்தான். பிறகு அவர் கூரைக்குக் கீழே நின்று நான் கண்டதில்லை.

தேயிலை மலைக்கு மேலே, காடு தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய பலா மரம் நின்றது. அதன் கீழே கொஞ்சம் சமதரை. அதுதான் பள்ளிக்கூடம். அங்கே பாடம் என்றால் என்ன தெரியுமா? நத்தை ஒரு வேரைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று வாயைத் திறந்தபடி பார்ப்பது. எந்த இலையைக் கசக்கினால் என்ன மணம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது. உடும்பு போல வயிற்றால் ஊர்ந்து ஓடைவரை போய் வருவது. பிள்ளைகள் மரை ஆனார்கள், மந்தி ஆனார்கள், முள்ளம்பன்றி ஆனார்கள். ஒரே ஒரு மிருகமாக மட்டும் ஆக டீச்சர் விடவில்லை. அந்தக் காலத்து ஆட்களுக்கு அது எந்த மிருகம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மழை வந்தாலும் இறங்குவது கிடையாது. உரப்பையின் உள்ளே இருக்கும் பொலித்தீனைக் கழுவித் தலையில் போட்டுக்கொண்டு இருபத்திரண்டும் வரிசையாக நிற்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் காளான் முளைத்த மாதிரி இருக்கும்.

மழை என்றால் அட்டை. ஒருநாள் செல்வியின் அம்மா ராசம்மா, கூடையைத் தலையில் இருந்து இறக்காமலே சண்டைக்கு வந்துவிட்டாள். செல்விக்கு ஐந்து வயது. தோட்டத்துச் சங்குக்கு அடுத்த பெரிய சத்தம் அவளுடையதுதான்.

"என்னங்க டீச்சரம்மா, புள்ளய படிக்க அனுப்புனா அட்டையோட அனுப்புறீங்க? இதுக்கா நாங்க விடுறோம்?"

டீச்சர் அசையவில்லை. "எத்தனை அட்டை எண்டு பிள்ளையைக் கேட்டனீங்களோ?"

"எத்தனையா இருந்தா என்னங்க?"

செல்வி முந்திக்கொண்டாள். "அஞ்சும்மா! சோத்துக்கை பக்கத்துக் கால்ல மூணு, பீச்சாங்கை பக்கத்துக் கால்ல ரெண்டு. நேத்தவிட ஒண்ணு கூட!"

ராசம்மா பிள்ளையைப் பார்த்தாள். "அதுதான் கணக்குப் பாடம்" என்றார் டீச்சர்.

ராசம்மா கூடையைத் தலையில் இருந்து இறக்கினாள். பிறகு மெதுவாக, "பத்து வரைக்கும் சொல்லிக் குடுங்க டீச்சரம்மா. ஆனா அட்டை வேணாங்க, பலாக்கொட்டையில சொல்லிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விஷயம் தோட்டத்தை நடத்தும் தொரை காதுவரை போனது. ஒருநாள் கணக்கப்பிள்ளை மேல்மூச்சுக் கீழ்மூச்சு வாங்க மலை ஏறி வந்தார்.

"டீச்சரம்மா, தொரை கண்டிப்பா சொல்லிட்டாருங்க. புள்ளைங்கள கட்டடத்துக்கு வெளிய விடக் கூடாதாம். மீறுனா பள்ளிக்கூடத்த மூடிருவாராம்."

"கட்டடத்துக்குள்ள இருந்தால் பிரச்சினை இல்லைத்தானே?"

"ஆமாங்க."

"சரி. கட்டுவம்."

கணக்கப்பிள்ளை சந்தோஷமாக இறங்கிப் போனார். டீச்சர் என்னைப் பார்த்தார். "கமலம், நாளைக்கு வரேக்க லயத்து அடுப்புச் சாம்பல் ஒரு வாளி கொண்டு வாரும்."

மறுநாள் காலையில் பலா மரத்தடியில் கட்டடம் எழும்பியது. செம்மண்ணில் சாம்பலால் நீளமாக நாலு கோடு. அது சுவர். தெற்குப் பக்கம் இரண்டு முழம் இடைவெளி. அது கதவு. நாலு இடத்தில் குறுக்குக் கோடு. அவை சன்னல். கதவுக்கு முன்னால் பன்னத்தழை ஒரு பிடி. அது கால் துடைக்க. "இனி ஒருத்தரும் கட்டடத்துக்கு வெளியில போகப்படாது. தொரையின்ர ஓடர்" என்றார் டீச்சர். காட்டுக்குள் போக வேண்டும் என்றால்? அது வீட்டின் பின் முற்றம். அதற்கும் ஒரு கோடு போட்டாயிற்று.

மழை பெய்தால் வீடு கரைந்துவிடும். மறுநாள் மறுபடி கட்டுவோம். கட்டும்போதெல்லாம் பிள்ளைகள் ஒரு அறை கூட்டுவார்கள். ஒரு கிழமையில் அந்த வீட்டுக்குச் சமைக்கக் குசினி வந்தது, சாமி அறை வந்தது, நத்தைகளுக்கு ஆஸ்பத்திரி வந்தது. லயத்து வரிசை வீடுகளில், பத்தடிக் காம்பராவில் எட்டுப் பேர் படுக்கிற பிள்ளைகள். சாம்பலில் கட்டும்போது ஒரு குறையும் வைக்கவில்லை.

விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். டீச்சர் ஒரு தரம்கூடக் கோட்டைத் தாண்டிக் கால் வைத்ததில்லை. கொட்டுகிற மழையிலும் சுற்றிப்போய்க் கதவால்தான் வருவார். மழை பலத்தால் ஒவ்வொரு சன்னலாகப் போய்க் கையால் இழுத்துச் சாத்துவார். நாலாவது சன்னலைச் சாத்தும்போது தலையில் இருந்து கால்வரை தண்ணீர் வடியும்.

"டீச்சர், நனைஞ்சிட்டீங்க" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

"ஓம். ஒரு சன்னல் சரியாப் பூட்டேல்லைப் போல" என்பார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

கட்டடம் கட்டியாயிற்றா என்று பார்க்கக் கணக்கப்பிள்ளை வந்தார். கோட்டருகே நின்று திருதிருவென விழித்தார்.

"எங்கங்க கட்டடம்?"

"அந்தா இருக்கே!" என்றாள் செல்வி. "கதவத் தட்டிட்டு வாங்க. கண்ணு தெரியலியா ஒங்களுக்கு?"

பாவம் மனுஷன். இருபத்திரண்டு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க என்ன செய்வார்? காற்றில் கையை நீட்டித் தட்டினார். பிள்ளைகள் "டொக், டொக்" என்றன. இரண்டடி தூரத்தில் நின்ற டீச்சர் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆரது?"

"நான்தாங்க, கணக்கப்பிள்ளை."

"பிள்ளையள் நித்திரை. பிறகு வாருங்கோ."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். தொழிற்சாலை வளைவுவரை போன பிறகுதான் நின்று திரும்பிப் பார்த்தாராம். திரும்ப ஏறி வர அவருக்கு முழங்கால் விடவில்லை. "கட்டடம் இருக்குதுங்க, உள்ள போக முடியலிங்க" என்று தொரையிடம் சொல்லிவிட்டார். தொரையும் விட்டுவிட்டார்.

பன்னிரண்டு மணிச் சங்கு ஊதினால் பள்ளி விடும். எல்லாரும் வெளியே வந்ததும் டீச்சர் கதவை இழுத்துச் சாத்தி, விரலால் திருகி, நாக்கால் 'டக்' என்பார். பிறகு வெறுங்கையை என் கையில் வைத்து மூடுவார்.

"திறப்பு உம்மட்ட இருக்கட்டும் கமலம். நான் எங்கையாவது துலைச்சுப்போடுவன்."

முதல் நாள் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முந்தானையைச் சரிசெய்யக் கையை விரித்துவிட்டேன். "ஐயோ, ஆயம்மா கீழ போட்டுட்டாங்க!" என்று ஒரே கூச்சல். அரைமணி நேரம் இருபத்திரண்டு பேரும் புல்லுக்குள் தேடினார்கள். நானும் தேடினேன். டீச்சரும் தேடினார். கடைசியில் செல்விதான் கண்டெடுத்துத் தந்தாள். அதற்குப் பிறகு நான் அதை இடுப்பில் சொருகிக்கொள்ளப் பழகிக்கொண்டேன்.

இப்படி ஐந்தாறு மாதம் நன்றாகத்தான் போனது. அப்போது யாரோ பொலிசுக்கு ஒரு மொட்டைப் பெட்டிசம் எழுதிப் போட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த ஒரு பெண், தோட்டத்துப் பிள்ளைகளைக் காட்டுக்குள் கொண்டுபோய், வயிற்றால் ஊரவும் மரத்தில் ஏறவும் சத்தமில்லாமல் ஒளிந்து இருக்கவும் பயிற்சி கொடுக்கிறாள் என்று. பாருங்கள், அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. எழுதியது யார் என்று எனக்குத் தெரியும். அவருடைய பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்கிறார்கள், விடுங்கள்.

ஒரு புதன்கிழமை, பத்து மணி இருக்கும். தொழிற்சாலை அருகே ஜீப் நின்ற சத்தம் கேட்டது. ஒரு சார்ஜனும் துப்பாக்கியோடு இரண்டு பொலிஸ்காரரும் மலை ஏறி வந்தார்கள். கணக்கப்பிள்ளை பத்தடி பின்னால் வந்தார்.  மஹய்யாவையில் கதவை அடித்த இரும்புக் கம்பிச் சத்தம் என் காதுக்குள் கேட்டது.

சார்ஜன் ஆறடி ஆள், அதற்கேற்ற வயிறு. விறுவிறுவென்று வந்து நேராகச் சாம்பல் கோட்டின் மேலேயே காலை வைத்துவிட்டார்.

"ஐயோ! சுவத்துல முட்டிட்டாரு!" இருபத்திரண்டு குரலும் ஒன்றாக எழுந்தது. செல்வி கிட்டே போய் அண்ணாந்து பார்த்தாள். "வலிக்கலியா மாமா?"

சார்ஜன் அப்படியே நின்றார். "மொகத மே?" என்றார். என்ன இது என்று கேட்கிறார். டீச்சருக்குச் சிங்களம் ஒரு சொல்லும் வராது. பிள்ளைகளுக்கும் வராது. கணக்கப்பிள்ளை ஒரு தேயிலைச் செடியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மஹய்யாவையில் சிங்களப் பிள்ளைகளோடு தெருவில் விளையாடி வளர்ந்தவள் நான் ஒருத்திதான். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

அன்று என் வாயில் இருந்து சிங்களத்தில் வந்த முதல் பேச்சு இதுதான்: "மஹத்தயா, நீங்கள் சுவருக்குள் நிற்கிறீர்கள்."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பொலிஸ்காரர் இருவரும் சிரிப்பை அடக்கினார்கள். "கதவால வரச் சொல்லும் கமலம்" என்றார் டீச்சர், ஏதோ மாமா வீட்டார் வந்த மாதிரி.

சார்ஜனின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் செல்வி அலறினாள். "அட்டை! மாமா கால்ல அட்டை!" சப்பாத்துக்கு மேலே கொழுகொழுவென்று இரண்டு தொங்கின. சவர்க்காரத் துண்டையும் சுண்ணாம்பையும் எடுத்துக்கொண்டு பிள்ளைகள் ஓடின. எப்படி ஓடின தெரியுமா? அவர் நின்றது ஒரு எட்டுத் தூரத்தில். ஆனால் ஒரு பிள்ளைகூடக் கோட்டைத் தாண்டவில்லை. அத்தனையும் வரிசையாகக் கதவால் வெளியே வந்து, வீட்டைச் சுற்றி ஓடி, அவர் காலடியில் போய் விழுந்தன.

சார்ஜன் அந்த ஊர்வலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அட்டை கழன்றதும் பேசாமல் இரண்டெட்டுப் பின்னால் போனார். சுற்றிக்கொண்டு கதவுக்கு முன்னால் வந்து நின்றார். பிள்ளைகள் முந்திக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தியிருந்தன; நான் இடுப்பில் இருந்து திறப்பை எடுத்துத் திருகினேன். பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டு 'டக்' சத்தம் வரவில்லை. செல்வி போட்டுக் கொடுத்தாள். ஆறடி மனுஷன், இல்லாத கதவு நிலையில் தலை முட்டாமல் குனிந்து, பன்னத்தழையில் சப்பாத்தைத் துடைத்து, உள்ளே வந்தார். பொலிஸ்காரர் இருவரும் பின்னால் குனிந்தார்கள். துப்பாக்கியையும் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்கள்.

உள்ளே வந்து பெட்டிசத்தை விரித்தார். பிள்ளைகள் காட்டுக்குள் ஊர்ந்து போவது உண்மையா என்றார். நான் தமிழில் கேட்டேன்.

"ஓம், உண்மைதான்" என்றார் டீச்சர். "செல்வி, ஒருக்கா ஊர்ந்து காட்டு பிள்ளை."

செல்வி குப்புற விழுந்து, நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டு, உடும்பாகச் சார்ஜனின் சப்பாத்தைச் சுற்றி வந்தாள். அவர் பெட்டிசத்தைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார், மறுபடியும் பெட்டிசத்தைப் பார்த்தார். பிறகு டீச்சரின் அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த ஊரைப் படித்தார். முகம் மாறியது.

"ஒரு சின்ன வாக்குமூலம்தான். டீச்சர் எங்களோடு ஸ்டேஷனுக்கு வர வேண்டும்."

அந்தச் சின்ன வாக்குமூலம் என்னவென்று அப்போது எல்லாருக்கும் தெரியும். சிலர் அன்று பின்னேரமே வந்தார்கள். சிலர் வருஷக்கணக்கில் வரவில்லை. நான் தமிழில் சொன்னதும் டீச்சர் தகரப்பெட்டியை மூடினார். மூடியதை மறுபடி திறந்து, மறுபடி மூடினார். "ஓம், வாறன்" என்றார்.

எனக்கு என்ன வந்தது என்று இன்றுவரை தெரியாது. எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினேன். விரலால் திருகினேன். 'டக்' என்று சத்தம் நன்றாக வந்தது. திறப்பை இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

"மஹத்தயா, பன்னிரண்டு மணிச் சங்குக்குத்தான் பள்ளி விடும். அதற்கு முன்னால் கதவு திறக்கிற வழக்கம் இல்லை."

 பொலிஸ்காரர் ஒருவர், "சேர், தாண்டிப் போகலாமே" என்று காலைத் தூக்கினார். இருபத்திரண்டு பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலையே பார்த்தன.

சார்ஜன் பிள்ளைகளைப் பார்த்தார். "காலை எடு" என்றார். "அது சுவர்."

பிறகு ஒரு பலா வேரில் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றி வைத்தார்.

ஒன்றரை மணி நேரம். அவித்த பலாக்கொட்டை கொடுத்தோம், சாப்பிட்டார். நத்தை ஆஸ்பத்திரியைச் சுற்றிக் காட்டினார்கள். உள்ளே ஓடு உடைந்த நோயாளிகள் மூன்று பேர். எந்த இலை என்று கண்ணை மூடி மணந்து சொல்லச் சொன்னார்கள், ஐந்தில் நாலு சரியாகச் சொன்னார். துப்பாக்கிக்காரரில் ஒருவர் மந்தியாகிவிட்டார். இடையில் ஒரு தூறல் விழுந்தது. டீச்சர் எழும்பிச் சன்னல்களைச் சாத்தப் போனார். நாலாவது சன்னல் சார்ஜனுக்குப் பக்கத்தில் இருந்தது. அவரே எட்டிச் சாத்தினார்.

சங்கு ஊதியதும் நான் கதவைத் திறந்தேன். சார்ஜன் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, எழுதுகிற பொலிஸ்காரரைக் கூப்பிட்டார்.

"எழுது. கட்டடம் சோதித்தோம். நல்ல நிலையில் இருக்கிறது. கதவு ஒன்று, சன்னல் நாலு. பூட்டு நன்றாக வேலை செய்கிறது. வாக்குமூலம் இங்கேயே எடுத்தாயிற்று." பிறகு என் பக்கம் திரும்பினார். "சாட்சி போட வேண்டும். பெயர்?"

"கமலம், இருக்கேன்!" என்றேன். பெரட்டுக் களத்தில் சொல்லாமல் சேர்த்து வைத்ததெல்லாம் அன்றைக்கு ஒரேயடியாக வந்துவிட்டது. கீழே தேயிலைக்குள் நின்ற கணக்கப்பிள்ளை திடுக்கிட்டு நிமிர்ந்தார். "யாருப்பா அது? நம்ம கமலமா கத்துனது?"

ஜீப் வளைவைத் தாண்டும்வரை டீச்சர் பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கம் போலக் கதவைப் பூட்டினார். வெறுங்கையை என் கையில் வைத்து மூடினார். அன்றைக்கு அந்தக் கையை உடனே எடுக்கவில்லை.

பிறகும் சில வருஷம் இருந்தார். தன் அக்காவுக்குச் சுகமில்லை என்று, யுத்தத்தால் மூடிக் கிடந்த பாதை திறந்த சமயம் யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்து ஒரேயொரு கடிதம் வந்தது. சுகம் விசாரிப்பு இரண்டு வரி. மூன்றாவது வரி, "மழைக்காலம் தொடங்கியிருக்கும், சன்னல்களைச் சாத்தினீரோ?" என்று இருந்தது. சாத்திவிட்டேன் என்று பதில் போட்டேன். போய்ச் சேர்ந்ததோ தெரியாது.

இப்போது அந்தப் பலா மரத்தடியில் சீமெந்துக் கட்டடம் இருக்கிறது. நீலக் கதவு, பித்தளைப் பூட்டு எல்லாம் உண்டு. அதன் சாவியைத் தினமும் யாரோ ஒருவர் வாங்கிப் போகிறார். பழைய திறப்பை என்னிடம் யாரும் கேட்கவில்லை. குளிக்கப் போகும்போது மட்டும் எடுத்து அலுமாரிக்கு மேலே வைக்கிறேன். வந்ததும் மறக்காமல் இடுப்பில் சொருகிக்கொள்கிறேன்.